சரிவில் நிறுத்திய கார்

"டமார்!"

வலுசிம்பியின் கையிலிருந்த தேநீர் தளும்பிச் சட்டையில் கொட்டியது. அடுத்த நொடி கோழிகள் அலறின. கோழிகளுக்கும் மேலாக ஒரு மனிதக் குரல் அலறியது.

"வாத்தியாரே! உங்க கார் எங்க வீட்டுக்கு விருந்துக்கு வந்திருக்கு!"

பக்கத்து வீட்டுச் சலோங்கோவின் குரல். இரட்டைப் பிள்ளைகளுக்குத் தகப்பனான நாளிலிருந்து செகுக்கு மலைச்சரிவில் யாரும் அவரைச் சொந்தப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. சலோங்கோதான். வலுசிம்பி செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.

இரவு பெய்த மழையில் செம்மண் இளகியிருந்தது. சக்கரத்துக்கு அடியில் வைத்த கல் நழுவிவிட, கார் தானாகவே உருண்டு, வேலிச் செடிகளைச் சாய்த்து, சலோங்கோவின் கோழிக்கூண்டுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது.

"யாருக்காவது அடிபட்டுச்சா?"

"என் சேவலுக்குத்தான் மானம் போச்சு. கூண்டு மேல நின்னு கூவிக்கிட்டிருந்தான். இப்ப பலாமரத்துல உக்காந்திருக்கான். கூப்பிட்டா இறங்க மாட்டேங்குறான்."

அதற்குள் தெருவே கூடிவிட்டது. கூடியவர்களுக்கு இந்தக் காரைத் தள்ளுவது புதிதல்ல. சாவியைத் திருப்பினால் அதிலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வரும். மனம் வந்தால் ஒரு நாள் எஞ்சின் பிடிக்கும். பல நாள் பிடிக்காது. அதனால் வலுசிம்பி எங்கே போனாலும் சரிவு தேடித்தான் காரை நிறுத்துவார். பள்ளிக்கூடத்தில், தேவாலயத்தில், சந்தையில், எங்கும் அப்படித்தான். உருட்டிவிட்டு கியரைப் போட்டால் கிளம்பிவிடும். 'புவியியல் வாத்தியாருக்கு மேடு பள்ளம் பார்க்கச் சொல்லியா தரணும்' என்று பள்ளியில் ஒரு கேலி உண்டு. பத்து வருடமாக ஓடும் கேலி அது.

காரைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் சமதரையில் நிறுத்தினார்கள். எல்லோரும் போன பிறகு மனைவி கலுங்கி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"சனிக்கிழமை நம்ம பொண்ணைக் கேட்டு மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க அந்தச் சரிவு வழியாத்தான் வரிசையா ஏறி வரப் போறாங்க. கையில கூடை, தலையில கூடை. அப்ப இந்தக் கழுதை உருண்டிருந்தா?"

"உருளாது. பெரிய கல்லா வைக்கிறேன்."

"கல்லெல்லாம் வேணாம். எங்க அண்ணனைக் கூப்பிடுங்க. அரை நாள் வேலை அவனுக்கு."

வலுசிம்பியின் முகம் இறுகியது. "அவன் பேரை இந்த வீட்டுல எடுக்காதேன்னு சொல்லியிருக்கேன்."

"எடுக்காம எப்படி? சனிக்கிழமை பொண்ணோட தாய்மாமனுக்குன்னு வெள்ளை அங்கி கொண்டு வருவாங்க. கொண்டு வந்து 'மாமன் எங்கே'ன்னு கேப்பாங்க. நாற்காலி காலியா இருக்கும். நீங்க எந்திரிச்சு என்ன சொல்வீங்க? 'மாமன் ஒரு திருடன், அதனால வரல'ன்னு சொல்வீங்களா?"

சொல்லிவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பத்து வருடத்தில் அந்த வார்த்தையை அவள் வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை.

முதன்முதலில் அதைச் சொன்னவர் வலுசிம்பி. சொன்ன இடமும் இந்த வாசல்தான். மகள் ரெஸ்டி ஏழாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியதற்குப் பந்தல் போட்டு உறவையெல்லாம் கூப்பிட்டு விருந்து வைத்த நாள். குளிர்பானப் பெட்டிகளை எடுத்து வர வலுசிம்பி காரில் ஏறிச் சாவியைத் திருப்பினார். டிக். இன்னொரு தடவை. டிக். கலுங்கியின் அண்ணன் முகலுலா அந்தக் காரின் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி, நத்தேத்தேயில் உள்ள தன் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்து மாட்டிக் கொடுத்து சில மாதங்கள்கூட ஆகவில்லை.

இந்த ஊரில் காரை மெக்கானிக்கிடம் விடுகிறவர்கள் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார்கள். மூடியைச் சாத்தும் வரை எழுந்து போக மாட்டார்கள். எழுந்து போனால் நல்ல சாமானை எடுத்துக்கொண்டு மட்டமானதை மாட்டிவிடுவார்கள் என்ற பயம். உட்கார முடியாதவர்கள் சாமானில் யாருக்கும் தெரியாமல் ஓர் அடையாளம் வைப்பார்கள். வலுசிம்பியும் வைத்திருந்தார். விருந்தன்று காருக்கு அடியில் படுத்து, டார்ச்சையும் மனைவியின் கைக்கண்ணாடியையும் நீட்டிப் பார்த்தார். அடையாளத்தைக் காணோம்.

சட்டையெல்லாம் மண்ணாக எழுந்தார். பந்தலில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் மச்சானைப் பார்த்துக் கத்தினார். "ஜப்பான் மோட்டாரை வித்துத் தின்னுட்டு எனக்குக் குப்பையை மாட்டிவிட்டியா? நான் அடையாளம் வெச்சிருந்தேன்டா, திருடா!"

முகலுலா தட்டைத் தரையில் வைத்தான். அதில் உணவு தொடாமல் அப்படியே இருந்தது. தொப்பியை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கிப் போனவன்தான். அதற்குப் பிறகு தங்கை வீட்டுப் பக்கம் வரவே இல்லை.

பேசாமல் போனதே குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி என்று வலுசிம்பி பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வேறு மெக்கானிக் யாரையும் காரைத் தொடவும் விடவில்லை. சொந்த மச்சானே இப்படி என்றால் ஊரான் எப்படி இருப்பான்?

கலுங்கி மறுபடி திரும்பினாள். "சரி, ரெஸ்டி அப்பா. ஒரு பேச்சுக்கு வருவோம். பள்ளிக்கூடம் லீவுதானே? நீங்களே கழட்டுங்க. அந்த மோட்டாரை வெளிய எடுங்க. உங்க அடையாளம் அதுல இல்லேன்னா, இனிமே நான் என் அண்ணன் பேரையே எடுக்க மாட்டேன். நாற்காலி காலியாவே இருக்கட்டும்."

"இருந்தா?"

"இருந்தா நீங்களே போய் அவனைக் கூட்டிட்டு வரணும். ஆள் அனுப்பக் கூடாது. போன் பண்ணக் கூடாது. நீங்க போகணும்."

"இருக்காது. நான் என் கண்ணால பார்த்தேன்."

"அப்புறம் எதுக்கு பயம்? சட்டையைக் கழட்டுங்க."

அந்த மோட்டார் இருந்த இடம் அப்படிப்பட்டது. பேட்டரியையும் ஏர் ஃபில்டர் பெட்டியையும் எடுத்தால்கூட அது கண்ணில் படாது. எஞ்சினுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் அலுமினிய மேனிபோல்டு ஒன்று, விரித்த நான்கு விரல் மாதிரி, அதன் மேல் கவிழ்ந்திருக்கும். அந்தக் கையை அப்படியே கழற்றி எடுத்தால்தான் அடியில் ஒளிந்திருக்கும் மோட்டாரைத் தொட முடியும்.

வலுசிம்பி பேட்டரியைத் தூக்கி ஓரமாக வைத்தார். ரேடியேட்டர் தண்ணீரை ஒரு குடத்தில் வடித்தார். ஏர் ஃபில்டர் பெட்டி வந்தது. அதற்குள் ஓர் எலி எப்போதோ குடும்பம் நடத்திய தடயமும் வந்தது. கலுங்கி முட்டை அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, அவர் கழற்றித் தந்த போல்ட்களை ஒவ்வொரு குழியிலும் வரிசையாக வைத்தாள்.

"இது எந்தக் குழி?"

"ரப்பர் குழாய்க்குப் பக்கத்துல இருந்தது."

"பக்கத்துலன்னா வலமா இடமா? வாத்தியார் மாதிரி பேசுங்க."

"இடம். ஏய், அந்த நீள போல்ட்டைக் கலக்காதே."

"நான் கலக்கல. பத்து வருஷமா இந்தக் காரைத் தள்ளினவ நான். கோமேசி உடுத்திக்கிட்டு, கோயில் வாசல்ல, சாமியார் பார்க்கப் பார்க்கத் தள்ளியிருக்கேன். ஒரு போல்ட்டு வெக்கத் தெரியாதா எனக்கு?"

அவர் அடுத்த போல்ட்டை நீட்டினார்.

மேனிபோல்டின் மேல் போல்ட்கள் சுலபமாகக் கழன்றன. அடியிலிருந்த இரண்டு நட்கள் கண்ணுக்குத் தெரியவே இல்லை. விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஸ்பானர் கால் திருப்பு திருப்பினால் எங்கோ இடித்தது. திரும்ப எடுத்து, திரும்ப மாட்டி, மறுபடி கால் திருப்பு. ஒரு தடவை ஸ்பானர் வழுக்கி விரல் முட்டித் தோல் உரிந்தது. முகலுலா இதே நட்டுகளை விசிலடித்துக்கொண்டே கழற்றியது அவர் நினைவுக்கு வந்தது. நினைவை உதறினார்.

கலுங்கி தனக்குத்தானே பேசுவது போலப் பேசிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கும் இதே மாதிரி இங்கதான் சாக்கு விரிச்சு மோட்டாரை எடுத்து வெச்சிருந்தான். 'நத்தேத்தேக்குக் கொண்டுபோய் உள்ள சுத்தம் பண்ணிட்டு நாளைக்கு மாட்டறேன்'னான். 'சாப்பிடாம போகக் கூடாது'ன்னு உள்ள இழுத்துட்டுப் போனேன். வாழைக்காய் மட்டோகேவும் நிலக்கடலைக் குழம்பும். சின்னதுலேர்ந்து அவனுக்கு அந்தக் குழம்புன்னா உயிரு. போதும்னு எந்திரிச்சவனைப் புடிச்சு உக்கார வெச்சு இன்னொரு தடவை போட்டேன். எப்படிச் சாப்பிட்டான் தெரியுமா!"

வலுசிம்பி ஸ்பானரைத் திருப்பினார்.

"மறுநாள் மாட்ட வந்தப்போ ஒரு வாய் தண்ணிகூட வேணாம்னுட்டான். என் முகத்தைக்கூடப் பார்க்கல. வேலை நிறைய இருக்குன்னான். என் கையால அவன் கடைசியாச் சாப்பிட்டது அந்தக் குழம்புதான். எங்கம்மா செத்தப்போகூட வாழைத்தோப்பு அந்தக் கோடியில போய் நின்னான். நான் பக்கத்துல போனா நகர்ந்து நகர்ந்து போறான். உங்க மேல கோபம்னா உங்ககிட்டக் காட்டட்டும். நான் என்ன பண்ணேன் அவனுக்கு?"

"கொஞ்சம் சும்மா இரு. நட்டு உள்ள விழுந்துரும்."

மேனிபோல்டு ஒருவழியாக அசைந்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். எஞ்சினில் நான்கு துளைகள் வாயைப் பிளந்தன. கலுங்கி பழைய பாவாடைத் துணியைக் கிழித்துக் கொடுக்க, வலுசிம்பி ஒவ்வொரு துளையிலும் துணியைச் சுருட்டி அடைத்தார். ஒரு சின்ன நட் உள்ளே போனாலும் எஞ்சினுக்குச் சங்குதான்.

அடியில், பத்து வருடத் தூசியும் எண்ணெயும் சேர்ந்து அப்பிய கறுப்புக்குள், மோட்டார் படுத்திருந்தது.

தடிமனான ஒயரை அவிழ்த்தார். இரண்டு நீள போல்ட்களைக் கழற்றினார். மோட்டார் கையோடு வந்தது. கைக்குழந்தையின் கனம். சாக்கில் வைத்து, காருக்கு அடியிலிருந்து பார்த்தால் தெரியும் பக்கம் எதுவோ அந்தப் பக்கத்தைத் துணியால் துடைத்தார். வெறும் இரும்பு. இன்னும் அழுத்தித் துடைத்தார். வெறும் இரும்புதான்.

"பார்த்தியா!" அவர் குரல் உயர்ந்தது. "நான் சொன்னேனா இல்லையா? எங்க அடையாளம்? உன் அண்ணன் தின்னுட்டான்!"

கலுங்கி முட்டை அட்டையைக் கீழே வைத்தாள். மெதுவாக மண்டியிட்டு மோட்டாரைத் தன் பக்கம் இழுத்தாள். எஞ்சினோடு ஒட்டியிருந்த பக்கத்தைப் புரட்டினாள். துணியைப் பெட்ரோலில் நனைத்துத் தேய்த்தாள். கறுப்பு கரைந்து வழிந்தது. இன்னும் தேய்த்தாள்.

அடியிலிருந்து சிவப்பு எட்டிப் பார்த்தது.

சூட்டில் வெந்து கருஞ்சிவப்பாகிவிட்டிருந்தது. ஆனாலும் சிவப்புதான். ஒரு குறுக்குக் கோடு, ஒரு நெடுக்குக் கோடு. வலுசிம்பி போட்ட சிலுவைக் குறி. அதன் ஓரம் மட்டும் கலைந்து, வால் மாதிரி ஒரு பக்கம் இழுபட்டிருந்தது. பக்கத்தில் இரண்டு மூன்று மங்கலான திட்டுகள். கை நடுங்கிப் பூசியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டார்.

சாக்கில் கிடந்தபோது எது மேல் பக்கமோ அதில் அவர் குறி போட்டார். மாட்டும்போது அந்தப் பக்கம் எஞ்சினைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியாது. அவ்வளவுதான் விஷயம். பத்து வருடம்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. எஞ்சினிலிருந்து பேட்டரிக்குப் போகும் எர்த் ஒயரின் முனை பச்சையாகப் பூத்து, விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. மின்சாரம் வந்தால்தானே மோட்டார் சுற்றும்? மோட்டாரில் ஒரு கோளாறும் இல்லை.

அவர் சாக்கிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கலுங்கி அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது என்னோட நெயில் பாலிஷ்."

"ம்."

"அண்ணன் மொம்பாசா போயிட்டு வந்தப்போ எனக்கு வாங்கிட்டு வந்தது. எனக்குன்னு அவன் வாங்கித் தந்த முதல் அலங்காரச் சாமான். ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் போடுவேன். ஒரு நாள் திறந்து பார்த்தா பாதி இல்ல, மூடி சரியா மூடல..." அவள் தலையைத் திருப்பினாள். "ரெஸ்டி!"

ரெஸ்டி உள்ளேயிருந்து வந்தாள். சனிக்கிழமைக்குத் தைத்த உடையை அளவு பார்த்துக்கொண்டிருந்தவள். தோளில் குண்டூசிகள் குத்தியிருந்தன. சாக்கில் கிடந்ததைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"அம்மா! இதுக்காகத்தானே என்னை விளக்குமாத்தால அடிச்சீங்க? நான் எடுக்கல எடுக்கலன்னு கத்தினேனே!"

"ஆமாம்மா."

"அப்பா, நீங்க அப்ப இங்கதானே உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தீங்க?"

அன்றைக்குச் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டது வலுசிம்பிக்கு நன்றாக நினைவிருந்தது.

கலுங்கி எழுந்து பாவாடையில் கையைத் துடைத்தாள். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"போங்க. போய்க் கூட்டிட்டு வாங்க."

கார் உள்ளும் வெளியுமாக வாசலில் பரந்து கிடந்தது. பைக் டாக்சியைத்தான் பிடிக்க வேண்டும். கை கால் கழுவிச் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பியவர் வேலியோரம் நின்றார். வெறுங்கையோடு எப்படிப் போவது? கல்யாணத்தின்போது, தங்கையைக் கொடுத்ததற்கு அடையாளமாக, முகலுலாவின் கையில் ஒரு சேவலைக் கொடுத்தது அவர்தான். முகலுலா அதை வாங்கித் தலைக்கு மேல் தூக்கிக் காட்டியபோது பந்தலே கைதட்டியது.

சலோங்கோ கூண்டுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். வேலிக்கு இந்தப் பக்கம் நடந்ததெல்லாம் அவர் காதில் விழுந்திருக்கும். வலுசிம்பி ஒரு சேவல் கேட்டதும், விழாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, மரத்திலிருந்து இறங்கியிருந்த சேவலின் கால்களைக் கட்டிக் கொடுத்தார்.

"இவனையே கொண்டுபோங்க வாத்தியாரே. உங்க காரால மானம் போனவன். மானம் போனவங்களைப் பத்தி இவனுக்குத் தெரியும்."

"கூண்டை நான் சரி பண்ணித் தரேன், சலோங்கோ."

"முதல்ல அதைச் சரி பண்ணிட்டு வாங்க."

நத்தேத்தேயில் வழக்கம்போல நெரிசல். தெருவோரத் தகரக் கொட்டகைகளில் சுத்தியல் சத்தம். பிரித்துப் போட்ட கதவுகள், விளக்குகள், டயர்கள். பைக்கின் பின்னால் உட்கார்ந்து சேவலை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தவரைப் பார்த்து ஒருவன் சிரித்தான். "ஐயா, பொண்ணு பார்க்கப் போறீங்களா? மாமியாரு மெக்கானிக்கா?"

முகலுலா ஒரு வேனின் எஞ்சினுக்குள் பாதி உடம்பை விட்டிருந்தான். செருப்புக் காலடி கேட்டு நிமிர்ந்தான். தாடி நரைத்திருந்தது. ஒரு நொடி யாரென்று தெரியாதவன் போலப் பார்த்தான். பிறகு சேவலைப் பார்த்தான். பிறகு வலுசிம்பியின் தோல் உரிந்த விரல் முட்டியைப் பார்த்தான்.

"அடி நட்டுல உரிஞ்சுதா?" என்றான்.

"ஆமாம், மச்சான்."

"அங்க நீளக் கழுத்து ஸ்பானர் போடணும். சின்னதுல வழுக்கும்." கையைத் துணியில் துடைத்தான். "கழட்டிட்டீங்க."

"கழட்டிட்டேன். அடையாளம் இருக்கு. எஞ்சின் பக்கம் திரும்பியிருந்திருக்கு. நான் தப்பான பக்கம் பார்த்திருக்கேன். கோளாறு எர்த் ஒயர்ல." வழியெல்லாம் தயாரித்து வந்த வாக்கியங்கள் ஒன்றுகூட வரவில்லை. "மச்சான், நான் பெரிய பாவம் பண்ணிட்டேன். பந்தல்ல அத்தனை பேர் முன்னால..."

"அது பழைய கதை, மாப்பிள்ளை."

"அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே நீங்க? 'மறுபக்கம் பாரு'ன்னு ஒரு வார்த்தை!"

"எதுக்கு? விருந்து நடுவுல மேனிபோல்டைக் கழட்டி, எங்கம்மா வயித்துல பொறந்தவன் திருடன் இல்லன்னு காட்டணுமா? உங்களுக்குக் காட்டினா போதுமா, பந்தல்ல இருந்த எல்லாருக்கும் ஒவ்வொருத்தரா வரிசையில நின்னு காட்டணுமா?" அவன் குரலில் கோபம் இல்லை. நட்டின் அளவைச் சொல்வது போலத்தான் சொன்னான். பக்கத்துக் கொட்டகையில் வெல்டிங் வெளிச்சம் வெட்டி வெட்டி அடித்தது. அவன் முகம் தெரிந்து தெரிந்து மறைந்தது.

வலுசிம்பி இரண்டு கைகளாலும் சேவலை நீட்டினார். அது கழுத்தைத் தூக்கி முகலுலாவைப் பார்த்தது.

"சனிக்கிழமை ரெஸ்டியைக் கேட்டு வராங்க. மாமன் நாற்காலி இருக்கு. நீங்க வரணும். நான் எந்திரிச்சு நின்னு எல்லார் முன்னாலயும் சொல்றேன், என் மச்சான் திருடன் இல்ல, நான்தான் குருடன்னு. பத்து வருஷம் முன்னால யார் யார் இருந்தாங்களோ அத்தனை பேரையும் கூப்பிட்டிருக்கேன். சொல்றேன், மச்சான்."

முகலுலா வேனுக்குள் குனிந்து எதையோ இறுக்கினான். இறுக்கத் தேவையில்லாததைத்தான் இறுக்குகிறான் என்று வலுசிம்பிக்கே தெரிந்தது.

"ரெஸ்டி நல்லா வளர்ந்துட்டாளா?"

"உங்கம்மா முகம் அப்படியே."

முகலுலா நிமிர்ந்தான். சேவலை வாங்கிக்கொண்டான். தலைக்கு மேல் தூக்கவில்லை. இறக்கைக்கு அடியில் கைகொடுத்துப் பிடித்துக்கொண்டான்.

"வரேன். வெள்ளிக்கிழமையே வந்து காரை மாட்டிக் கொடுத்துடறேன், நீங்க மாட்டினா தண்ணி ஒழுகும். சனிக்கிழமை நாற்காலியில உக்காருவேன். அங்கியை வாங்கிப் போட்டுக்குவேன். பொண்ணு தலையில கை வெச்சு வாழ்த்துவேன்."

வலுசிம்பிக்குக் கண் நிறைந்தது. "கலுங்கி கேட்டா குதிப்பா. உங்களுக்குன்னு நிலக்கடலைக் குழம்பு..."

"அது மட்டும் வேணாம்." முகலுலா சட்டென்று தடுத்தான். "அவ கையால நான் சாப்பிட மாட்டேன். வேற யாராவது போடட்டும், இல்ல சாப்பிடாமலே வந்துடறேன். அதை அவகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க."

"என்ன மச்சான் இது? கத்தினது நான். திருடன்னு சொன்னது நான். அவ என்ன பண்ணா உங்களுக்கு?"

முகலுலா தன் வலது கட்டைவிரலைப் பார்த்தான். அதில் கறுப்பு எண்ணெய் மட்டுமே இருந்தது. இருந்தும் பேண்ட்டில் ஒரு தடவை தேய்த்துக்கொண்டான்.

"தெரியாத மாதிரி கேக்காதீங்க, மாப்பிள்ளை. அன்னிக்கு நான் வெளிய வந்து மோட்டாரைத் தூக்கினப்போ பாலிஷ் இன்னும் காயல, கையெல்லாம் சிவப்பு. உங்களுக்குத் தேவைப்பட்டது ஒரு கரண்டி மட்டோகே சாப்பிடற நேரம். போதும்னு எந்திரிச்சவனை 'இன்னும் கொஞ்சம், அண்ணே'ன்னு கையைப் புடிச்சு அவ உக்கார வெச்சது அதுக்குத்தானே?"